என் கடை வாசலில் ஒரு மண்டபம்

முகூர்த்த நாட்களில் விடிவதற்கு முன்பே கடையைத் திறந்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வியாபாரத்துக்காக அல்ல. வலைத்தளம் செய்து தரச் சொல்லி அந்நேரத்தில் யாரும் வரமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் இப்போது எந்நேரத்திலும் வருவதில்லை. நான் காத்திருப்பது வழி தவறி வரும் கல்யாண வண்டிகளுக்காக. அவர்கள் தேடி வருகிற மண்டபம் இங்கே இல்லை. நகரைத் தாண்டி ஆர்.கே.பேட்டை சாலையில் இருக்கிறது. அது என் கடை வாசலில் இருப்பதாக உலகத்துக்குச் சொன்னவன் நான்தான். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் பிழைப்பு கெட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் இருக்கிற இளையவர்கள் படிக்கக்கூடும் என்று ஒரு நினைப்பு. படித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. களைத்துவிட்டேன். ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீடு மிஷன் பள்ளிக்கூடத்தால் தலையெடுத்த வீடு. அப்பா வாத்தியார். நான் வேலூரில் கணிதம் படித்தேன். சென்னையில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டும் வேலையில் இருந்தபோது இணையம் வந்தது. இந்தத் தொழிலுக்குள் நுழையும்போதே நாற்பதைத் தாண்டியிருந்தேன். உடன் கற்றுக்கொண்ட பையன்கள் என்னை ‘பெரியப்பா’ என்று கிண்டல் செய்வார்கள். சில வருடங்களில் சென்னை அலுத்துப்போய், ஊருக்குத் திரும்பி, மலையடிவாரத்தில் படிக்கட்டுக்குப் போகும் சந்தில், ஒரு பூக்கடைக்கும் ஒரு லாட்ஜுக்கும் நடுவே இந்தக் கடையைப் போட்டேன். மாலையும் சந்தனமும் விற்கிற சந்தில் வலைத்தளம் விற்றவன் நான் ஒருவன்தான்.

இத்தனை காலத்தில் இந்தத் தொழில் எத்தனை தோல் உரித்தது என்று நினைத்தால் அசதியாக இருக்கிறது. முதலில், பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று காட்டும் எண் பெட்டி. அது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பணம் தரமாட்டார். பிறகு ஓடும் எழுத்து. தமிழுக்குப் பொதுவான எழுத்துரு இல்லாத நாட்களில் தமிழ் வரிகளைப் படமாக்கி ஒட்டினோம். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து, தேடுபொறிக்கு வெறும் சுவர். அதற்குப் பிறகு அசையும் முகப்பு வந்தது. திரையில் குத்துவிளக்கு எரியும், மணி அடிக்கும், ‘உள்ளே செல்க’ என்று ஒரு பொத்தான் மின்னும். விளக்கு எரிந்து முடிவதற்குள் பார்க்க வந்தவர் போய்விடுவார். அந்தத் தொழில்நுட்பத்தையே ஒருநாள் மூடிவிட்டார்கள். நான் ஏற்றிய விளக்குகளெல்லாம் ஒன்றாக அணைந்தன. அப்புறம் கைபேசிக்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் திரும்பக் கட்டினோம். வலைத்தளமே வேண்டாம், சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் போதும் என்றார்கள். அப்புறம் குட்டி வீடியோக்கள். இப்போது யாரும் எந்தப் பக்கத்துக்கும் போவதில்லை. கேள்வியைக் கேட்டால் இயந்திரமே பதில் சொல்லிவிடுகிறது.

ஒவ்வொன்றையும் கற்றேன், விற்றேன். பிறகு அது செத்துவிட்டது என்று அதே ஆளிடம் போய்ச் சொல்லி அடுத்ததை விற்றேன். விற்கும்போதெல்லாம் நம்பித்தான் விற்றேன். இந்த ஒரு விஷயம் மட்டும் அப்படியல்ல. பொய் என்று தெரிந்தே செய்தேன்.

அந்த மண்டபத்தைக் கட்டியவர் ஒரு விவசாயி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். சாலையோரத்தில் இருந்த வேர்க்கடலை நிலத்தில் மண்டபத்தை எழுப்பி, முகப்பில் இரண்டு யானைகள் மாலை பிடிக்கிற வளைவோடு ஒரு பெரிய கேட் வைத்தார். அவருக்கு ஒரே மகள். அப்பாவை நைனா என்று கூப்பிடும் அந்தப் பெண்தான் ஆரம்பத்திலிருந்தே கணக்கு, சமையல் ஆள், பந்தல்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். மண்டபத்துக்கு வலைத்தளம் செய்துகொடுத்த என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். நானும் அவளை ஒரு தங்கையாகத்தான் நினைத்தேன், அல்லது அப்படி நினைப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்துக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் பாதிப் பேருக்கு மலைமேல் தாலி, கீழே சாப்பாடு. மற்றவர்கள் மண்டபத்திலேயே தாலி கட்டினாலும், முதலில் மலையேறிச் சாமியைப் பார்த்துவிட்டுத்தான் மணையில் உட்காருவார்கள். அதனால் மலையடிவாரத்தில் இருக்கிற மண்டபங்களுக்குத்தான் கிராக்கி. இவர்கள் மண்டபத்தில் இடம் தாராளம், வண்டி நிறுத்த வசதி, தண்ணீர்ப் பிரச்சினை கிடையாது. ஆனால் மலையிலிருந்து தூரம். விசாரிக்கிறவர்கள் ‘அவ்ளோ தூரமா’ என்று போனை வைத்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இணைய வரைபடத்தில் கடைகளைக் குறிக்கும் வழக்கம் பரவியது. ‘மலைக்கோயில் அருகில் திருமண மண்டபம்’ என்று தேடினால், கோயிலுக்கு யார் பக்கமோ அவர்கள் முதலில் வருவார்கள். ஆர்.கே.பேட்டை சாலையில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் தலைகாட்டவே மாட்டார்கள். முகவரி உண்மைதானா என்று பார்க்க, வரைபட நிறுவனம் அந்த முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பும். அதில் இருக்கும் எண்ணைப் பதிவு செய்தால் குறி நிலைத்துவிடும். நான் மண்டபத்தின் முகவரியாக என் கடை முகவரியைக் கொடுத்தேன். அட்டை என் கைக்கு வந்தது. எண்ணைப் பதிந்தேன். சிவப்புக் குறி என் கடை வாசலில் வந்து குந்தியது.

முன்பதிவு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரில் இன்னும் சிலர் இதைச் செய்தார்கள் என்பதும் உண்மைதான். அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பலன் உடனே தெரிந்தது. போன் ஓயாமல் அடித்தது. அடிவாரம் என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களிடம் அந்தப் பெண் சாலையின் பெயரைச் சொல்லி, வண்டி நிறுத்த இடம் இருப்பதைச் சொல்லி, வந்து பாருங்கள் என்பாள். வந்து பார்த்தவர்களில் பலருக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் எதை நம்பி முதலில் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்மார்ட்போனை அவள் தொட்டதே அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, புதுத் துண்டு, லட்டு வைத்து நைனாவும் அவளும் என் கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். எங்கள் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அத்தனை குரல்களுக்கு நடுவே ஒருவன் பாவம் தனியாகக் கேட்பதில்லை.

இதைவிட வெட்கப்படவேண்டியது ஒன்று உண்டு. கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வலைத்தொழில் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் திரையில் அந்தச் சிவப்புக் குறியைக் காட்டி, ‘வாடிக்கையாளர் எங்கே தேடுகிறாரோ அங்கே நாம் இருக்கவேண்டும்’ என்றேன். கைதட்டினார்கள்.

குறியை வைத்தபின் பிறந்த காரியங்கள் என் கையில் இல்லை. கல்யாண மண்டபங்களைத் தொகுத்துப் போடும் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று அந்த முகவரியை நகலெடுத்துக்கொண்டன. நான் பார்த்தே இராத பக்கங்களில் என் கடை முகவரி மண்டபத்தின் முகவரியாக ஏறியது. நைனா காலமானார். மண்டபம் முழுக்க அந்தப் பெண் பொறுப்புக்கு வந்தது. எனக்குக் குறியின் நினைவே மங்கிப்போனது.

அது ஒரு முகூர்த்த நாள். அதே நாளில் மாதக் கிருத்திகையும் சேர்ந்துகொண்டது. பெண் வீட்டார் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். பக்கத்து ஊர்க்காரர்கள், கண்ணை மூடிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆந்திராவில், நகரிக்கு அந்தப் பக்கம். முந்தின மாலை வரவேற்பைத் தங்கள் ஊரிலேயே முடித்துக்கொண்டு, விடியற்காலை நேராக மலைக்குப் போய்ச் சாமியைப் பார்த்து, அங்கிருந்து மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையோடு ஒரு வேன். எல்லாரும் இந்தப் பக்கம் புதியவர்கள்.

நான் மண்டபத்தில் இருந்தேன். கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுவதுதான் அப்போது என்னிடம் மிச்சமிருந்த தொழில். மேடைக்கு எதிரே கேமராவும் மடிக்கணினியும் வைத்து உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டே திரையில் எழுதுவார்கள். மணப்பெண் வந்து உட்கார்ந்தாள். ஐயர் ஓமத்தை மூட்டினார். பக்கத்து மணை காலியாக இருந்தது. ‘மாப்பிள்ளை எங்கே?’ என்று எங்கோ குவைத்திலிருந்து ஒருவர் எழுதினார். ‘மேக்கப் போட்றாரு’ என்று இன்னொருவர். சிரிக்கும் முகங்கள் வரிசையாக ஏறின.

மேடைக்குக் கீழே பெண்ணின் தாய்மாமன் போனில் பேசிக்கொண்டிருந்தார். ‘வந்துட்டோம்’ என்கிறார்களாம் மாப்பிள்ளை வீட்டார். இவர், வாசலில் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், எந்த வண்டியும் இல்லையே என்கிறார். ‘நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம், போன்ல இடம் வந்துடுச்சுன்னு சொல்லுது’ என்கிறார்கள் அவர்கள். கொஞ்ச நேரம் ஆளுக்கு ஆள் வாசல் வாசல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு வேனிலிருந்து அவர்கள் நிற்கும் இடத்தை அனுப்பினார்கள். தாய்மாமன் அந்தப் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு. இது எந்த இடம்னு பாத்து சொல்லுங்க.”

பார்த்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. பூட்டியிருக்கிற என் கடையின் வாசலில்.

“மலையடிவாரம்” என்றேன். “மேப் சில நேரம் இப்படித்தாங்க, தப்பா காட்டும்.”

அந்த ஒரு வரியை நான் மறக்கவில்லை. குறியை வைத்தது பேராசை. அந்த வரி கோழைத்தனம்.

அடிவாரத்திலிருந்து மண்டபத்துக்கு சாதாரண நாளில் சீக்கிரம் வந்துவிடலாம். கிருத்திகையன்று அந்தச் சந்துக்குள் நுழைந்த வேன் திரும்ப முடியாது. காவடிகள், மொட்டை போட வந்தவர்கள், போலீஸ் தடுப்பு. வேனைப் பின்னால் எடுக்க முடியாமல், மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு இறங்கி நடந்து, பெரிய சாலைக்கு வந்து, ஒரு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். ஆட்டோ மண்டபத்துக்குள் நுழையும்போது முகூர்த்தம் தாண்டிவிட்டது. ஓமத்தில் ஐயர் சும்மா நெய் விட்டுக்கொண்டிருந்தார். மணப்பெண் தலை நிமிரவில்லை. நேரலையில் யாரும் எதுவும் எழுதவில்லை. காலி மணை மட்டும் திரையில் தெரிந்தது. கேமராவை வேறு பக்கம் திருப்பக்கூட எனக்குக் கை வரவில்லை.

பெரியவர்கள் கூடிப் பேசி, உச்சிப்பொழுதில் ஒரு நேரம் பார்த்துத் தாலி கட்ட வைத்தார்கள். கல்யாணம் நடந்தது. அந்தத் தம்பதி இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி சொன்னதைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

“வேன்காரன் மேல ஏம்ப்பா பாய்றீங்க? மண்டபத்துக்கே ராசி இல்ல. வரவனை உள்ள விடாம தொரத்துது.”

கல்யாணத் தொழிலில் சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். ராசி இல்லை என்ற சொல் மறையாது. அன்று மாலையே வரைபடத்தில் மண்டபத்தின் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரங்கள் விழத் தொடங்கின. முகூர்த்தம் தவறிய மண்டபம் என்று எழுதினார்கள். வராதவர்களும் எழுதினார்கள். பேசி வைத்திருந்த கல்யாண வீடுகள் ஒவ்வொன்றாக விலகின. ஜாதகம் சரியில்லை, பெண்ணின் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஏதேதோ காரணம். உண்மைக் காரணத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

அவளுக்கு அந்த மண்டபத்தைத் தவிர வேறு வருமானம் கிடையாது. கணவருக்கு விசைத்தறியில் கூலி வேலை. நைனா விட்டுப்போன நிலம் முழுவதும் அந்தக் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. என்னிடம் வந்து, இந்த ஒற்றை நட்சத்திரத்தையெல்லாம் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்றேன். உண்மைதான். வேறு எந்த உண்மையையும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வாஸ்துக்காரரைக் கூப்பிட்டாள். அவர் காம்பவுண்டைச் சுற்றிவந்து, கேட் தெற்கே பார்த்திருப்பதுதான் தோஷம், வடகிழக்கு மூலைக்கு மாற்றுங்கள் என்றார். நைனா வைத்த கேட். யானை வளைவோடு இருந்த கேட். இடிக்க ஆள் வைத்தாள். முடிந்ததும் தளத்தில் புதுப் படம் போடவேண்டும், கூடவே இருந்து எடுங்கள் அண்ணா என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். கடப்பாரை பட்டு ஒரு யானையின் தும்பிக்கை முதலில் விழுந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் படம் எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் குறியை நகர்த்திவிடலாம் என்று முடிவு செய்தேன். பாருங்கள், அப்போதும் யாருக்கும் தெரியாமல் என்றுதான் என் புத்தி போனது. முகவரியை மாற்றினேன். நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அஞ்சலட்டைக் காலம் போய்விட்டது. இப்போது ஒரு வீடியோ கேட்கிறார்கள். சாலையைக் காட்டவேண்டும், பெயர்ப்பலகையைக் காட்டவேண்டும், உரிமையாளர் தன் சாவியால் பூட்டைத் திறந்து உள்ளே போவதைக் காட்டவேண்டும். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக.

அன்றைக்கு அஞ்சலட்டையோடு பொய்யை உள்ளே விட்டவர்கள் இன்றைக்கு உண்மையிடம் சாவி கேட்டார்கள். அந்தச் சாவி அவளிடம்தான் இருந்தது.

தளத்துக்கு ஒரு சின்ன வீடியோ வேண்டும், சாவியோடு வா என்று கூப்பிட்டேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. நான் சாலையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தேன். புதுக் கேட்டில் இன்னும் பெயிண்ட் வாசனை. சாவியைப் பூட்டில் நுழைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“பூட்டத் தொறக்கறதெல்லாம் எதுக்குண்ணா? இது இன்னா புது ட்ரெண்டா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது. மண்டபத்தின் குறி இத்தனை வருடமாக என் கடை வாசலில் இருக்கிறது, நான்தான் வைத்தேன், அட்டையை என் முகவரிக்கு வரவழைத்தேன் என்று சொன்னேன். சிக்கலே இல்லாத சின்ன விஷயம். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று.

“எப்போ வெச்சீங்க?”

“நைனா இருக்கும்போதே.”

“அப்போ அன்னிக்கு மாப்ள வேனு...”

“என் கடை வாசல்லதான் நின்னுதும்மா.”

சாவியிலிருந்து கையை எடுக்காமலே நின்றாள். சாலையில் ஒரு டவுன் பஸ் போனது.

“நைனா கேட்ட இடிச்சப்போ நீங்க இங்கதானே நின்னுகினு இருந்தீங்க?”

“ஆங்.”

“போட்டோ புடிச்சுகினு.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பூட்டிலிருந்து சாவியை உருவி, கேட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், பூட்டியிருக்கிறதா என்று.

“கொஞ்சம் நகருங்க சார். வழியில நிக்கறீங்க” என்றாள்.

அதுவரை அவள் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.

கையிலிருந்த போன் அத்தனை நேரமும் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்த வீடியோவை அனுப்ப முடியாது. அழிக்கவும் இல்லை.

சில நாள் கழித்து அவளே போன் செய்து, அந்தப் பூட்டு வீடியோவை எடுக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். போனேன். சாதாரணப் புடவையில் வந்து, சாவியைப் போட்டுத் திறந்து, உள்ளே நடந்து, திரும்பி வந்து பூட்டிக்கொண்டு போனாள். நிறுவனம் அந்த வீடியோவையும் ஏற்கவில்லை. காரணம் சொல்லமாட்டார்கள். பழைய படங்களில் எல்லாம் யானை வளைவு இருக்கிறது, வீடியோவில் வேறு கேட் இருக்கிறது, அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். என் பொய்யால் அவள் இடித்த கேட், அந்தப் பொய்யைத் திருத்தவும் தடையாக வந்து நின்றது. பழைய படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி அனுப்பி, ஒருவழியாகக் குறி ஆர்.கே.பேட்டை சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று பூக்கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வரைபடத்தில் திருந்தியது மற்ற இடங்களில் திருந்தவில்லை. தொகுப்புத் தளங்களில் பாதிக்கு மேல் இப்போது நடத்துவார் இல்லை. கடிதம் எழுதினால் பதில் சொல்ல ஆளே கிடையாது. ஆனால் பக்கங்கள் மட்டும் சாகாமல் கிடக்கின்றன. நான் அந்த நாட்களில் வெவ்வேறு பெயர்களில் எழுதிப்போட்ட விளம்பரக் கட்டுரைகளும் கிடக்கின்றன. ‘படிக்கட்டிலிருந்து இறங்கினால் மண்டபம்’ என்று ஒன்றில் எழுதியிருக்கிறேன். இப்போது ஆட்கள் போனிடம் வாய்விட்டுக் கேட்கிறார்கள். இயந்திரம் அதையெல்லாம் படித்துவிட்டு, நல்ல தமிழில், தெலுங்கில் கேட்டால் நல்ல தெலுங்கில், மண்டபம் மலையடிவாரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. நானே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அதன் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. அது என் வாக்கியம். கொஞ்சம் மாற்றி, என்னைவிட நன்றாகச் சொன்னது.

தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் தெரியும். அடுத்தது என்ன வருகிறது என்று ஓடிக்கொண்டிருந்தோம். வந்தது ஒவ்வொன்றும் முன்பு இருந்ததைத் தின்றுவிட்டுத்தான் வளர்ந்தது. நான் போட்டதையும் சேர்த்துத் தின்றது.

மண்டபம் மூடப்படவில்லை. வளைகாப்பு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஓடுகிறது. கல்யாணம் எப்போதாவது. தளத்தையும் வீடியோக்களையும் இப்போது சென்னையில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அது நியாயம்தான். அவளுடைய மண்டபத்தில் எந்த நாளில் கல்யாணம் என்று மட்டும் முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடுவாள். இது நான் கேட்டுக்கொண்டது. முதலில் தயங்கினாள். அப்புறம், வண்டி அங்கே வந்து நிற்பதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டாள்.

போன முகூர்த்தத்தன்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “இன்னா சார், இன்னிக்கும் மாப்ளைய எதிர்பாத்துகினா?” என்றார். அவருக்கு விஷயம் தெரியும். சந்தில் எல்லோருக்கும் தெரியும். நானே சொல்லிவிட்டேன். அப்போது அவளிடமிருந்து போன் வந்தது.

“சார், ஆந்திரா புத்தூர்லேந்து ஒரு வேன். பொண்ணு வூட்டுக்காரங்க. கிட்ட வந்துட்டோம்ன்றாங்க. இங்க காணல.”

“பாத்துக்கறேம்மா.”

வைத்துவிட்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள் வேன் சந்துக்குள் மூக்கை நுழைத்தது. கண்ணாடியில் வாழைக்கன்றும் மாலையும். ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். மண்டபம் இங்கே இல்லை என்று தெலுங்கில் சொன்னேன். டிரைவர் இளைஞர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினார். இங்கேதான் என்று இது சொல்கிறதே, தாத்தா. உங்களுக்குத் தெரியுமா, இதற்குத் தெரியுமா என்றார். உள்ளேயிருந்து ஒரு அம்மாள், பெரியவர் ஏதோ லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறார் போலிருக்கிறது, நீ போ என்றாள்.

“அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்ப்பா” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. விளக்க நேரமும் இல்லை. முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். பின்னால் எடுங்கள், நான் கூட வருகிறேன், மண்டபம் இல்லையென்றால் என்னை அங்கேயே இறக்கிவிட்டுத் திட்டுங்கள் என்றேன். என் வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வேன் பின்னால் நகர்ந்தது. போன் விடாமல், திரும்புங்கள், திரும்புங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஊர் எல்லை தாண்டியதும் டிரைவர் அதை அணைத்தார்.

புதுக் கேட்டுக்கு முன்னால் இறங்கிக்கொண்டேன். நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மேளம் கேட்டது. பெண் வீட்டு அம்மாள் இறங்கும்போது, உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். வேலை இருக்கிறது என்றேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த அவள், மண்டபத்துக்காரி, வேனைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். தலையை லேசாக அசைத்தாள். வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்கத் திரும்பிவிட்டாள்.

தெற்குப் பக்கம் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பழைய கேட் இருந்த இடத்தை அடைத்துக் கட்டிய சுவர் அங்கே இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தும், அந்த அளவுக்கு மட்டும் நிறம் வேறாகத் தெரிகிறது. அதற்கு எதிரே நின்றால்தான் பஸ் நிற்கும். நின்றேன். அடுத்த முகூர்த்தத்துக்கும் வரவேண்டியிருக்கும்.